அந்த ஒலியைச் செய்தது யார்?

மின்னணு இசை கற்க வரும் இளைஞர்கள் சிந்தசிஸ் படிக்க வேண்டியதில்லை, ஆயத்தமாகக் கிடைக்கும் பிரீசெட்டுகளில் நல்லதைப் பொறுக்கத் தெரிந்தால் போதும், மிச்ச நேரத்தை மெட்டமைப்பதில் செலவிடலாம் என்று ஒருவர் நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். பல ஆண்டுகளாக இசைத் தயாரிப்புப் பயிற்சி நடத்துபவர் என்று அதில் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். அந்த அறிமுகம்தான் என்னை எழுத வைத்தது. ஒரு ரசிகர் இப்படிச் சொல்லியிருந்தால் அவருடைய ரசனை அது என்று கடந்து போயிருக்கலாம். கற்பிக்கிற இடத்தில் நின்றுகொண்டு கற்க வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார். அதற்கு இயற்பியலையும் வரலாற்றையும் போதாக்குறைக்கு நம் மரபையும் சாட்சிக்கு அழைக்கிறார். அந்தச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டால், அவரை நம்பிப் பணம் கட்டும் பிள்ளைகளுக்கு நாமும் சேர்ந்து துரோகம் செய்தவர்களாவோம்.

முதல் சாட்சி யமஹா டிஎக்ஸ்7. 1983இல் வந்த அந்தக் கீபோர்டின் எலக்ட்ரிக் பியானோ பிரீசெட் எண்பதுகளின் மெல்லிசைப் பாடல்களில் எங்கும் நிறைந்திருந்தது, அதை வாசித்தவர்களில் பெரும்பாலானோர் கருவியின் உள்ளே கை வைத்ததே இல்லை, ஆகவே பெரும்புகழ் பெற்ற இசை சிந்தசிஸ் தெரியாமலே உருவாகிவிடுகிறது என்பது அவர் வாதம். முதலிரண்டு கூற்றுகளும் சரி. அழுத்தினால் அமுங்காத சவ்வுப் பொத்தான்கள், இரண்டு வரி மட்டும் காட்டும் சின்னத் திரை, அளவுகளை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடர். அந்தத் துவாரத்தின் வழியாக, ஒலியைப் பிறப்பிக்கும் ஆறு ஆப்பரேட்டர்களையும் அவற்றை இணைக்கும் 32 அல்காரிதங்களையும் கையாள்வது கடினம் என்பதால் பலர் உள்ளே போகவில்லை. ஆனால் மூன்றாவதாக அவர் கண்டடையும் முடிவு எப்படிப் பெறப்பட்டது? அந்த பிரீசெட் யாரும் செய்யாமல் கருவிக்குள் தானாக முளைத்ததா? டிஎக்ஸ்7உடன் வந்த ஒலிகளை உருவாக்கியவர்களில் முதன்மையானவர்கள் டேவ் பிரிஸ்டோ, கேரி லூயன்பெர்கர் என்ற இரண்டு கீபோர்டுக் கலைஞர்கள். அந்த எலக்ட்ரிக் பியானோவைத் திறந்து பாருங்கள். ஆறு ஆப்பரேட்டர்களும் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று சோடிகளாக நிற்கும். ஒரு சோடியில், மற்றதன் ஒலியை மாற்றும் மாடுலேட்டரின் விகிதம் 14. விரல் பட்ட கணத்தில் உலோகம் தட்டியதுபோல் ஒரு சிறு மணியோசை எழுந்து உடனே அடங்குவது அதனால்தான். விரல் வேகமாக இறங்கினால் மாடுலேஷன் கூடி ஒலி பிரகாசமாகிறது, மெல்ல இறங்கினால் மங்குகிறது. ஒவ்வொரு எண்ணும் ஒருவர் காதால் தேர்ந்தது. சிந்தசிஸ் தெரியாமல் உருவான இசைக்கு உதாரணம் காட்டப் போனவர், சிந்தசிஸ் தெரிந்த இருவரின் உழைப்பைத்தான் காட்டியிருக்கிறார்.

இதைவிட அவர் வாதத்தைச் சாய்ப்பது அடுத்து நடந்தது. அதே பிரிஸ்டோ, டிஎக்ஸ்7இன் அடிப்படையான எஃப்எம் (அதிர்வெண் பண்பேற்ற) சிந்தசிஸைக் கண்டுபிடித்த ஜான் சௌனிங்குடன் சேர்ந்து 1986இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். எஃப்எம்மின் கோட்பாட்டையும் பயன்பாட்டையும் இசைக்கலைஞர்கள் இசைக்கலைஞர்களுக்காக எழுதிய நூல் என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். பிரீசெட் செய்தவர் என்ன நினைத்தார் என்பதற்கு இதைவிட நேரடியான வாக்குமூலம் வேண்டுமா? நான் செய்து வைத்திருக்கிறேன், நீங்கள் படிக்கத் தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. உள்ளே வாருங்கள் என்று கதவைத் திறந்து வைத்தார். நம் கட்டுரையாளர் அதே மனிதரின் ஒலியைச் சாட்சியாக்கி அதே கதவைச் சாத்துகிறார்.

1987இல் வந்த ரோலண்ட் டி-50 பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கிறார். எரிக் பெர்சிங் அதற்குச் செய்த ஒலிகள் இன்றும் கேட்கின்றன, பிறகு புதிதாகச் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கிறார். அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்திருந்தால் அந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டார். அன்று நினைவகச் சில்லு விலை அதிகம். முழு ஒலியையும் பதிவுசெய்து உள்ளே வைப்பது கட்டுப்படியாகாது. ஆகவே ஒலியின் தொடக்கத்தை மட்டும், அந்த முதல் தட்டலை, முதல் மூச்சை, முதல் உரசலை, பதிவிலிருந்து எடுத்துக்கொண்டு, நீண்டு நிற்கும் பகுதியை சிந்தசிஸால் நிரப்பினார்கள். எது குழல், எது தந்தி என்று காது பெருமளவு ஒலியின் தொடக்கத்தை வைத்தே தீர்மானிக்கிறது என்ற அறிவுதான் அந்தக் கருவியின் அடித்தளம். மணியோசையின் முதல் தட்டலை வெட்டியெறிந்துவிட்டு மிச்சத்தைக் கேட்டால் மணி மணியாக இருப்பதில்லை என்பதை நாற்பதுகளின் இறுதியில் பாரிசில் பியர் ஷெஃபர் செய்து காட்டிவிட்டார். ஒரு காலத்தின் பண நெருக்கடியை ஒலி பற்றிய அறிவு வென்ற கதை அது. அதை, அறிவு தேவையில்லை என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்ல எத்தனை அலட்சியம் வேண்டும்!

சாட்சிகளை விட்டுவிட்டு அவருடைய கொள்கைக்கு வருவோம். மெட்டுதான் உயிர், ஒலி வெறும் சட்டை, உயிர் இருந்தால் எந்தச் சட்டையும் பொருந்தும் என்கிறார். கேட்கச் சுகமாக இருக்கிறது. கீர்த்தனைக்கோ திரைப்பாடலுக்கோ ஓரளவு பொருந்தக்கூடிய இந்தக் கொள்கையை, எந்த இசையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையே மறந்துவிட்டு மின்னணு இசைமேல் போர்த்துகிறார். சிகாகோவின் ஃப்யூச்சர் குழு 1987இல் வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' பன்னிரண்டு நிமிடம் போல ஓடுகிறது. அதில் அவர் சொல்லும் மெட்டு எங்கே? ரோலண்ட் டிபி-303 என்ற சிறு பெட்டி திரும்பத் திரும்பச் சுழற்றும் ஒரு சிறு பேஸ் வரி இருக்கிறது. மாறுவது ஃபில்டரின் கட்ஆஃப், ரெசொனன்ஸ், என்வலப். அந்த மூன்று குமிழ்களின் அசைவில்தான் பதற்றம் ஏறுகிறது, தளர்கிறது, திரும்ப ஏறுகிறது. அங்கே ஃபில்டரைத் திருப்புவதே இசையமைப்பு. ஒலியைச் சட்டை என்று கழற்றிவிட்டால் அடியில் எந்த உடலும் மிஞ்சாது. மார்ட்டன் சபாட்னிக் புக்லா கருவியில் செய்து 1967இல் இசைத்தட்டுக்கென்றே வெளியிட்ட 'சில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் த மூன்' முதல் இன்றைய டப்ஸ்டெப் வரை இந்த மரபின் பெரும்பகுதி இப்படித்தான் இயங்குகிறது. இதை அறியாமல் மின்னணு இசை கற்பிக்க முடியுமா? அறிந்தும் மாணவரிடம் மறைப்பது நேர்மையா?

அவருக்கே இந்தக் கொள்கையில் நம்பிக்கை இல்லை என்பதுதான் வேடிக்கை. சட்டை முக்கியமில்லை என்று எழுதிய கை, நான்கு பத்திகள் தள்ளி, சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய பிரீசெட் தொகுப்புகளை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், பழைய ஒலிகளில் செய்த பாடலை யாரும் கேட்க மாட்டார்கள் என்றும் எழுதுகிறது. ஒலி முக்கியமில்லை என்றால் ஏன் வாங்க வேண்டும்? முக்கியம் என்றால் ஏன் கற்கக் கூடாது? கற்கும்போது ஒலி அற்பமாகவும் வாங்கும்போது அத்தியாவசியமாகவும் மாறும் இந்தக் கண்கட்டு வித்தை அவர் கட்டுரையின் அச்சாணி. மற்றவை அதைச் சுற்றிக் கட்டிய தோரணங்கள்.

ஒலியை உருவாக்குவது டெக்னீஷியன் வேலை, கலைஞன் அதில் கை நனைக்கக் கூடாது என்றும் ஓரிடத்தில் எழுதுகிறார். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவர்மீது எனக்கு உண்மையான கோபம் உண்டு. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடருக்கு 1963இல் செய்யப்பட்ட முகப்பிசையை எடுத்துக்கொள்வோம். ரான் கிரெய்னர் மெட்டை எழுதிக் கொடுத்தார். ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் டெலியா டார்பிஷர் அதை ஒவ்வொரு சுரமாக ஒலிநாடாவில் பதிந்து, வேகம் மாற்றி, அளந்து வெட்டி, ஒட்டி உருவாக்கினார். கீபோர்டு வைத்த சிந்தசைசர் எதுவும் அவரிடம் இல்லை. இதை நானா எழுதினேன் என்று வியந்த கிரெய்னர், இசையமைப்பாளர் என்ற பெயரில் பங்கு தர முன்வந்தும், நிறுவன விதி இடம்கொடுக்காததால் டார்பிஷரின் பெயர் அன்று திரையில் வரவில்லை. இன்று அந்த இசையைக் கேட்பவர்கள் எதைக் கேட்டுச் சிலிர்க்கிறார்கள்? அவர் செய்த ஒலியைத்தான். கலைஞன் மேலே, ஒலி செய்பவர் கீழே என்ற அடுக்கு யாருடைய உழைப்பை எப்படி அழித்தது என்பதற்கு அது பிரிட்டனின் சாட்சியம். நம் ஊர்ச் சாட்சியம் இன்னும் கசப்பானது. மிருதங்கம் வாசித்தவர்களுக்கு மேடையும் பட்டமும் கிடைத்தன. தோலைப் பதப்படுத்தி, வாரைப் பின்னி, கரணை ஏற்றி அந்த நாதத்தைப் பிறப்பித்த, பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்த கைவினைஞர்களின் பெயரை எத்தனை சபாக்கள் சொன்னன? டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுத வேண்டி வந்தது அதனால்தான். மெட்டு உயர்ந்தது, நாதம் செய்வது கீழான வேலை என்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் எழுதுகிறாரே, அந்தப் படிநிலையை எங்கிருந்து எடுத்தார் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

யோசிக்காததால்தான் அடுத்த பிழைக்குள் நேராக நடந்து போகிறார். நம் இசை மரபு பாவத்தையும் ராகத்தையும் போற்றியது, ஒலியை ஆராய்வது மேலை நாட்டாரின் எந்திர மோகம் என்கிறார். எந்த மரபு அது? தொல்காப்பியப் பிறப்பியல் என்ன செய்கிறது? உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைகொண்டு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்ற உறுப்புகளோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தொலியாகிறது என்று பிரித்துக் காட்டுகிறது. ஒரு மூலம், அதை வடிவாக்கும் குழிகளும் தடைகளும். இன்று ஆஸிலேட்டரையும் ஃபார்மண்ட் ஃபில்டரையும் வைத்து குரல் போன்ற ஒலியை உருவாக்குபவர் பின்பற்றும் பகுப்பும் இதே தடத்தில் போவதுதான். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், மூங்கிலில் செய்த குழலும் சந்தனத்தில் செய்த குழலும் வெண்கலத்தில் செய்த குழலும் ஒன்றல்ல என்பதுபோல் குழலுக்குரிய பொருள்களைத் தனித்தனியே எடுத்துச் சொல்கிறார். பாவம் மட்டும் போதுமென்றால் உரையாசிரியருக்கு ஏன் இந்த வேலை?

சி.வி. ராமனுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வாதம் அவரிடம் முடிந்துபோகிறது. சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் எழும் மேலோசைகள் அடிப்படை அதிர்வெண்ணைப் போல 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று முழு எண்ணில் நிற்காமல் சிதறும். அதனால்தான் பெரும்பாலான பறைகளில் சத்தம் உண்டு, சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கனமாகவும் ஓரத்துக்கு வர வர மெலிந்தும் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றும் அந்தக் கரணை, இந்தச் சிதறலை ஒழுங்குபடுத்திவிடுகிறது. தோலின் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து இசைவான மேலோசைகளுக்குள் அடங்கிவிடுகின்றன என்பதை ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் 'நேச்சர்' இதழிலும் பின்னர் 1934இல் விரிவாகவும் எழுதினார். கணக்கு எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, பெயர் தெரியாத கைகள் தேய்த்துத் தேய்த்து, தட்டித் தட்டிக் கேட்டு, ஓர் ஒலியின் மேலோசைகளைத் தாங்கள் விரும்பிய இடத்தில் நிறுத்தியிருக்கின்றன. அதற்கு ஒலி வடிவமைப்பு என்பதைத் தவிர வேறு என்ன பெயர்? இடந்தலையான தொப்பியில் ரவையைக் குழைத்து ஒட்டிக் கும்காரத்தை இறக்குகிற மிருதங்கக்காரரும், தம்புராவின் குதிரைமேல் நூலை மயிரிழை நகர்த்தி நாதம் விரியும் இடத்தைத் தேடுகிற பாடகரும் மேடையில் நம் கண்முன் செய்வது அதே வேலை. தம்புரா, வீணைக் குதிரைகளின் வளைவு, தந்தியில் எழக் கூடாது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி சொல்லும் மேலோசைகளையும் எழுப்பிவிடுகிறது என்று அதே ராமன் காட்டினார். நம் மரபு ஒலியை ஆராயவில்லை என்பவர் எந்தக் கச்சேரியில் எந்தத் தம்புராவைக் கேட்டார்?

மின்சாரம் வந்த பிறகும் நாம் வேடிக்கை பார்த்து நிற்கவில்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரை நிறுவ, கீதா சாராபாய், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா போன்றோர் 1972 வரை அதில் செய்த ஒலிப்பரிசோதனைகள் 2023இல் இசைத்தட்டாகவே வெளிவந்துவிட்டன. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 மூன்றையும் இணைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் செய்தார். சிகாகோவின் ஆசிட் தட்டுக்கு ஐந்து ஆண்டு முன்னால். அன்று அதை யாரும் சீந்தவில்லை. 2010 மறுவெளியீட்டுக்குப் பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. மரபின் பேரால் பேசுபவருக்கு இந்த மரபு தெரியாதது தற்செயலாக இருக்கலாம். தெரியாமலே மரபின் பேரால் தீர்ப்பு எழுதியது தற்செயல் அல்ல.

கணக்கும் இயற்பியலும் படைப்பாற்றலைக் கொல்லும் என்ற பழைய புலம்பலுக்கு அதிக இடம் தர விருப்பமில்லை, ஆனால் பிள்ளைகள் அதை நம்புகிறார்கள். மேலே சொன்ன டார்பிஷர் கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் சேர்த்துப் படித்தவர். பழந்தமிழ் யாழை 1947இல் 'யாழ்நூல்' வழியே மீட்டெடுத்த விபுலானந்த அடிகள் அறிவியல் பட்டதாரி. அந்நூலில் சுரங்களின் விகிதக் கணக்கு பக்கம் பக்கமாக ஓடுகிறது, அவர் தமிழ்ச் சுவையை அது எங்கே கொன்றது? சௌனிங் பொறியாளர் அல்லர், இசையமைப்பாளர். 1967இல் ஸ்டான்ஃபோர்டில் கணினி ஒலி ஒன்றின் விப்ராட்டோவை வேகமாகவும் ஆழமாகவும் கூட்டிக்கொண்டே போனபோது, ஓர் எல்லைக்கு மேல் நடுக்கம் மறைந்து ஒலியின் நிறமே மாறுவதை அவர் காது பிடித்தது. பிறகுதான் அது ஏன் என்று கணக்கிடம் கேட்டார். ஒலிக்கும் கேரியரும் அதை மாற்றும் மாடுலேட்டரும் முழு எண் விகிதத்தில் நின்றால் சுருதியுள்ள ஒலி, 1:1.4 போல விலகினால் மணியோசை என்ற ஒழுங்கு கிடைத்தது. 1977இல் அவர் செய்த 'ஸ்ட்ரியா' இன்னும் மேலே போகிறது. 2:1 என்ற எட்டாம் சுரத்தின் இடத்தில் பொன் விகிதமான 1.618ஐ வைத்து, சுரங்களின் இடைவெளியையும் எஃப்எம் விகிதத்தையும் அதே எண்ணால் கட்டினார். அந்த இசையில் மெட்டு எங்கே முடிந்து ஒலி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட நம் கட்டுரையாளரால் முடியுமா? கணக்கு கொன்றதாக அவர் சொல்லும் படைப்பாற்றல், அதுவரை யாரும் கேட்டிராத ஓர் ஒலி உலகத்தைக் கணக்கின் கையைப் பிடித்துக்கொண்டுதான் திறந்தது.

செலவு பற்றியும் பேசுகிறார். விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் உயர்நிலை சிந்தசிஸ் கற்க முடியாது, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது எட்டாக்கனி என்று உருகுகிறார். அந்த உருக்கம் உண்மையென்றால் அவர் சொல்லியிருக்க வேண்டிய தகவல் எளிது: வைட்டல் என்ற வேவ்டேபிள் சிந்தசைசர் 2020 முதல் இலவசப் பதிப்பாகக் கிடைக்கிறது, சர்ஜ் எக்ஸ்டி முழுவதும் இலவசம், திறந்த மூலம், டிஎக்ஸ்7இன் உட்புறத்தை அப்படியே திரையில் விரித்துக் காட்டும் டெக்ஸ்ட் என்ற மென்பொருளும் இலவசம், கேபிள் இணைத்துப் பழக விசிவி ரேக் இருக்கிறது, 'சவுண்ட் ஆன் சவுண்ட்' இதழில் கார்டன் ரீட் 1999 முதல் 2004 வரை 63 பகுதிகளாக எழுதிய சிந்தசிஸ் தொடரைக் காசில்லாமல் படிக்கலாம். பழைய மடிக்கணினியும் ஒரு ஹெட்ஃபோனும் போதும். இத்தனை இலவசங்களில் ஒன்றைக்கூட ஏழைப் பிள்ளைகளுக்காகக் கண்ணீர் விடும் கட்டுரை குறிப்பிடவில்லை. விலைப் பட்டியல் போட்டு அவர் குறிப்பிடுவன எல்லாம் தொகுப்புகள்தாம்.

பிரீசெட்டை மட்டும் நம்புகிறவர் நடைமுறையில் எங்கே முட்டிக்கொள்கிறார் என்பதை ஒரு பயிற்சியாளர் தினமும் பார்த்திருக்க வேண்டும். ஹெட்ஃபோனில் அதிர்ந்த 50 ஹெர்ட்ஸ் பேஸ், கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் காணாமல் போகிறது. கற்றவர் அந்த ஒலியைச் சற்றே சிதைத்து 150, 200, 250 ஹெர்ட்ஸ் மேலோசைகளைச் சேர்ப்பார். அடிப்படை அதிர்வெண் இல்லாமலே காது அதை ஊகித்துக்கொள்ளும். கல்லாதவர் வால்யூமைக் கூட்டுவார், பிறகு வேறு பிரீசெட் தேடுவார், அதுவும் தேறாவிட்டால் இன்னொரு தொகுப்பு வாங்குவார். எஃப்எம்மில் மேல் சுரங்களுக்குப் போகும்போது எங்கிருந்தோ ஒரு கரகரப்பு வருகிறது. விநாடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் வைக்க இடமில்லை, 25,000இல் எழும் மேலோசை மடங்கி 19,100இல் வந்து விழும் என்று தெரிந்தவர் மாடுலேஷனைச் சுரத்துக்கேற்பக் குறைத்து அதைச் சரிசெய்கிறார், அல்லது அந்தக் கரகரப்பையே வேண்டுமென்று வைத்துக்கொள்கிறார். தெரியாதவருக்கு அந்தத் தேர்வே கிடையாது. ஒரு சிறு இரைச்சல் துண்டை நூறு சாம்பிள் தாமதத்தில் சுற்றவிட்டு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மழுக்கினால் ஏறக்குறைய 441 ஹெர்ட்ஸில் ஒரு தந்தி மீட்டப்படும். 1983இல் கார்ப்லஸும் ஸ்ட்ராங்கும் வெளியிட்ட முறை அது. தாமதத்தின் நீளம்தான் தந்தியின் நீளம் என்று முதன்முறை புரியும் மாணவரின் முகத்தை இவர் பார்த்ததில்லையா? பார்த்திருந்தால் இதை நேர விரயம் என்று எழுத எப்படி மனம் வந்தது?

கடைசி அஸ்திரமாக செயற்கை நுண்ணறிவை எடுக்கிறார். இனி ஒலியை வார்த்தையில் கேட்டால் எந்திரம் தந்துவிடும், கற்பது காலாவதியாகிவிட்டது என்கிறார். வார்த்தையில் கேட்க வேண்டுமானால் அந்த ஒலி முதலில் வார்த்தைக்குள் வந்திருக்க வேண்டும். டிபி-303ஐ ரோலண்ட் எண்பதுகளின் தொடக்கத்தில் செய்தது பேஸ் கிட்டார் இல்லாத இடத்தில் பேஸ் கிட்டார் போல வாசிக்க. அது பேஸ் கிட்டார் போல ஒலிக்கவில்லை, விற்கவும் இல்லை, 1984இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அன்று இந்த எந்திரம் இருந்திருந்தால் மக்கள் அதனிடம் என்ன கேட்டிருப்பார்கள்? நல்ல பேஸ் கிட்டார் ஒலி. அதையே பெற்றிருப்பார்கள். ஆசிட் என்ற ஒலிக்கு அப்போது பெயரில்லை, ஆகவே கேட்பாரும் இருந்திருக்க முடியாது. மலிவாகக் கிடைத்த பழைய பெட்டியின் குமிழ்களைத் திருப்பிக்கொண்டே காது கொடுத்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்திரம் தருவது முடிந்துபோன ஒரு பதிவு. சிந்தசைசரில் நாம் கட்டும் பேட்ச் ஒரு வாத்தியம். விரலின் வேகத்துக்கும், சுரத்தின் உயரத்துக்கும், வீலின் அசைவுக்கும் அது வெவ்வேறாகப் பதில் சொல்லும். பதிவுக்கும் வாத்தியத்துக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டு என்ன பயன்?

கட்டுரையின் கடைசிப் பத்தியில் தன் பெயரில் வந்திருக்கும் பிரீசெட் தொகுப்பையும், அதை வாங்குவோருக்குப் பயிற்சிக் கட்டணத்தில் சலுகை உண்டு என்பதையும் அவரே அறிவித்திருக்கிறார். முந்தைய பத்திகள் எதற்காக எழுதப்பட்டன என்று வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விற்பது குற்றமும் அல்ல. பெர்சிங் போன்றவர்கள் வாழ்நாளெல்லாம் ஒலி செய்து விற்றிருக்கிறார்கள், நானும் வாங்கியிருக்கிறேன், வாங்கிய ஒலிகளைத் திறந்து பார்த்துக் கற்றும் இருக்கிறேன். என் கேள்வி வேறு. அந்தத் தொகுப்பில் உள்ள ஒலிகளை அவரே செய்தாரென்றால், மாணவருக்குத் தேவையில்லை என்று அவர் சொல்லும் கல்வி முழுவதும் அவரிடம் இருக்கிறது, தன்னிடம் படிக்க வருபவருக்கு அதைக் கொடுக்க மறுக்கிறார். அவர் செய்யவில்லை என்றால், வேறு யாரோ கற்றுச் செய்த ஒலிகளின்மேல் அவர் பெயர் ஒட்டியிருக்கிறது. இரண்டில் எது என்பதை அடுத்த கட்டுரையில் அவர் எழுதட்டும்.